வெலிங்டனின் யானை: நீலகிரியில் ஒரு படை இலச்சினையின் வரலாறும் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

நீலகிரி மாவட்டம் கேத்திப் பள்ளத்தாக்கை அடுத்துள்ள வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் மையம் இயங்கிவருகிறது. அந்த ரெஜிமெண்டின் இலச்சினையில் இடம்பெறும் யானை, 1803இல் மராத்தியருக்கு எதிராக நடந்த அசாயே போரின் நினைவாக உருவானது. அப்போரை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லியின் பட்டப்பெயரே அவ்வூரின் பெயரும் ஆகும். விடுதலைக்குப் பின் அசாயே என்னும் போர்ச்சிறப்பு விலக்கப்பட்டது, யானை விலக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை யானைச் சின்னத்தின் உருவ அமைப்பிலேயே காணலாம் என்பதை இக்கட்டுரை, தமிழ், செருமானிய, ஆங்கிலேயச் சின்ன மரபுகளோடு ஒப்பிட்டு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இலச்சினை, பொறி, மரபுச்சின்னம், அசாயே, மதராஸ் ரெஜிமெண்ட், வெலிங்டன், கேத்தி, வேலூர்ப் புரட்சி.

முன்னுரை

குன்னூரிலிருந்து உதகமண்டலம் நோக்கிச் செல்லும் மலை இரயில், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்னும் நிலையங்களைக் கடக்கிறது. 1908இல் உதகை வரை நீட்டிக்கப்பட்ட இப்பாதையின் நிலையப் பெயர்களைப் பலரும் வெறும் ஊர்ப்பெயர்களாகவே கடந்துவிடுகின்றனர். அவற்றுள் வெலிங்டன் ஒரு மனிதரின் பட்டப்பெயர். அவ்வூரில் நிலைகொண்டுள்ள படைப்பிரிவின் தொப்பியிலும் கொடியிலும் விளங்கும் யானையோ அதே மனிதர் வென்ற ஒரு போரின் நினைவு. ஊரின் பெயர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. யானை 1947இல் வந்தது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து, ஏறத்தாழ 90 ஆண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாமல் ஒரே மலைக்கு வந்து சேர்ந்தன.

நீலகிரி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் தோடர், படகர், கோத்தர் முதலிய மக்களின் வழக்காறுகளையும், தேயிலைத் தோட்டங்களையும், ஆங்கிலேயக் கோடைவாழ்வையும் மையமிட்டவை. படைத்துறை இம்மலையில் ஏறத்தாழ இரு நூற்றாண்டாக ஊன்றியிருந்தும், அதன் சின்னங்கள் தமிழில் தனித்து ஆராயப்பட்டவை குறைவு. சேர, சோழ, பாண்டியரின் வில், புலி, கயல் பற்றி விரிவாக எழுதும் நாம், தமிழ்ச் சிப்பாய்கள் இரு நூற்றாண்டுகள் ஏந்திய ஒரு சின்னத்தைப் பற்றிப் பேசாதிருப்பது வியப்பிற்குரியது. அது அந்நியர் கொடுத்தது என்னும் தயக்கம் இதற்குக் காரணமாகலாம். அந்தத் தயக்கமே இக்கட்டுரையின் வினாவாக அமைகிறது. அந்நியர் கொடுத்த சின்னம், அதுவும் இந்தியரை இந்தியரைக் கொண்டே வென்றதற்காகக் கொடுத்த சின்னம், விடுதலை பெற்ற நாட்டின் படையில் எவ்வாறு நிலைத்தது?

பொறியும் இலச்சினையும்

சின்னத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் பொறி முதன்மையானது. சுங்கத்திற்குரிய பொதிகளில் புலி பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இமயத்தில் வில் பொறித்த சேரனையும் புலி பொறித்த சோழனையும் இலக்கியங்கள் போற்றுகின்றன. இவ்விரு பயன்பாடுகளும் வெவ்வேறானவை. முன்னது உடைமையையும் அதிகாரத்தையும் சான்றளிக்கும் முத்திரை. பின்னது வென்ற நிலத்தின்மேல் வென்றவன் தன் அடையாளத்தை வைப்பது. இமயத்தில் வில் பொறிப்பதும் ஒரு மலைச்சரிவுக்குத் தளபதியின் பெயரிடுவதும் நோக்கத்தால் ஒன்றே எனலாம்.

சோழர் செப்பேடுகளின் வளைய முத்திரை மூன்றாவது பயன்பாட்டைக் காட்டுகிறது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் அமர்ந்த புலியோடு இரு கயல்களும் வில்லும் உள்ளன. மேலே குடையும் இருபுறம் கவரிகளும் விளக்குகளும் அமைந்துள்ளன. கயலும் வில்லும் சோழருடையவை அல்ல. அவை தோற்றவரின் சின்னங்கள். தோற்றவரின் சின்னத்தை அழிக்காமல் தன் முத்திரைக்குள் கொண்டுவந்து, புலியின் பக்கத்தில் இடம்கொடுத்து அடக்குவது சோழர் கண்ட முறை. இம்முத்திரையைப் பார்ப்பவர் அதிலுள்ள எழுத்தைப் படிக்கவேண்டியதில்லை. யார் வென்றார், யார் தோற்றார் என்பதை உருவங்களின் அமைப்பே சொல்லிவிடும். இக்கூறு பின்னர் அசாயே யானையோடு ஒப்பிடும்போது இன்றியமையாததாகிறது.

யானையும் இம்மண்ணின் சின்ன மரபுக்குப் புதியதன்று. சங்ககாலச் சேரர் காசுகளில் ஒருபுறம் யானையும் மறுபுறம் வில்லும் அம்பும் காணப்படுகின்றன. நீலகிரிக்கு வடக்கே தலைக்காட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைக்கங்கரின் செப்பேட்டு முத்திரைகளில் யானையே சின்னம். இலக்கியத்திலோ யானை இருநிலைப்பட்டது. அது அரசனின் பெருமிதம்; அதே வேளையில் வீரன் வீழ்த்தவேண்டிய இலக்கு. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி எனப் பாட்டியல் நூல்கள் இலக்கணம் வகுக்கின்றன. யானையைக் கொள்வதும் கொல்வதும் வெற்றியின் அளவுகோல்களாக இருந்தன. ஆகவே ஒரு தென்னிந்தியப் படைவீரனுக்கு யானை உருவம் எந்த விளக்கமுமின்றிப் போரோடு தொடர்புபடக்கூடியதாக இருந்தது.

பெயரிலிருந்து பிறந்த யானை

ஐரோப்பிய மரபில் சின்னம் வேறொரு வழியிலும் பிறக்கிறது. செருமனியின் தென்மேற்கே, வூர்ட்டம்பெர்க் பகுதியில், கைஸ்லிங்கன் ஊருக்கு மேலுள்ள குன்றில் ஹெல்ஃபன்ஸ்டைன் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. அக்கோட்டையின் பெயரால் அறியப்பட்ட பிரபுக்களின் மரபுச்சின்னம், சிவப்புத் தளத்தில் பொன்னிற முக்குன்றின்மேல் நிற்கும் வெள்ளி யானை. அப்பகுதியில் யானை இல்லை; அப்பிரபுக்கள் யானைப்படை வைத்திருக்கவும் இல்லை. இடைக்காலச் செருமன் மொழியில் யானையைக் குறிக்க ஹெல்ஃபந்த் என்றொரு வடிவம் வழங்கியது. ஹெல்ஃபன்ஸ்டைன் என்னும் பெயரின் முற்பகுதி அச்சொல்லோடு ஒலியால் ஒத்திருந்தமையால் யானை சின்னமாயிற்று. அவர்கள் ஆண்ட வீசன்ஸ்டைக் என்னும் சிறு நகரம் இன்றும் யானையைத் தன் நகரச் சின்னமாகக் கொண்டுள்ளது. 1627இல் அக்குடி ஆண்வழி அற்றுப்போன பின்னரும் யானை நகரத்தை விட்டு நீங்கவில்லை.

பெயரின் ஒலியைப் படமாக்கும் இத்தகைய சின்னங்களைப் பேசும் சின்னங்கள் என ஐரோப்பியச் சின்னவியலார் அழைப்பர். பெர்ன் நகரின் கரடி இதற்குப் பலரும் அறிந்த காட்டு. தமிழில் இதற்கு நெருங்கிய ஒன்றாக மலையமான் காசுகளைக் கூறலாம். அவற்றின் ஒருபுறம் குதிரையும் மறுபுறம் மலையையும் ஆற்றையும் குறிக்கும் கோட்டுருவும் உள்ளன. எனினும் அங்கே மலை வெறும் ஒலியொப்புமையால் வந்ததன்று. அவன் ஆண்ட நிலமே மலைநாடு.

இந்தச் செருமானிய எடுத்துக்காட்டு கேத்திக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1830இல் சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில் கேத்தியில் அரசின் சோதனைப் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. அங்கிருந்த வீட்டில் பின்னர் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபு தங்கினார். அவருக்குப்பின் அது ஓய்வுபெற்ற குடிமைப்பணி அலுவலர் காசமேஜரிடம் வந்தது. அவருடைய ஆதரவில் 1846இல் பேசல் மிஷன் கேத்தியில் பணி தொடங்கியது. 1849இல் அவர் மறைந்தபோது தம் உடைமையை அம்மிஷனுக்கே விட்டுச்சென்றார். அமைப்பின் தலைமையிடம் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரானாலும், அதன் ஊழியர்களுள் பெரும்பாலோர் ஹெல்ஃபன்ஸ்டைன் யானை நின்ற அதே வூர்ட்டம்பெர்க்கைச் சேர்ந்தவர்கள். படகர் மொழியையும் வழக்கங்களையும் பதிவுசெய்த தொடக்ககால ஐரோப்பியருள் அவர்கள் இடம்பெறுகின்றனர். தம் நாட்டில் கோட்டைச் சுவரில் கண்ட கற்பனை யானைக்கும், நீலகிரி அடிவாரக் காடுகளில் உலவிய மெய்யான யானைக்கும் இடையே வாழ்ந்தவர்கள் அவர்கள்.

எல்பின்ஸ்டன் பிரபுவின் பெயரிலும் இக்கட்டுரைக்குரிய ஒரு தொடர்பு உண்டு. அவருடைய சிற்றப்பா மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன், பின்னாளில் பம்பாய் ஆளுநராக விளங்கியவர், இளமையில் வெல்லெஸ்லியுடன் அசாயே களத்தில் இருந்தவர்.

அசாயே, 1803

அசாயே இன்றைய மகாராட்டிர மாநிலம் ஜால்னா மாவட்டத்திலுள்ள சிற்றூர். கேள்னா, ஜுவா என்னும் இரு ஆறுகள் கூடும் முனையில், 1803 செப்டம்பர் 23 அன்று ஆர்தர் வெல்லெஸ்லியின் படை, சிந்தியா, நாகபுரிப் போன்ஸ்லே ஆகியோரின் கூட்டுப்படையை எதிர்த்தது. மராத்தியரின் பயிற்சிபெற்ற காலாட்படைக்குத் தலைமை தாங்கியவர் போல்மன் என்னும் ஹனோவர் நாட்டுச் செருமானியர்; முன்பு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சார்ஜண்டாக இருந்தவர். ஆக, அன்று மராத்தியர் அணியை ஒரு செருமானியர் நடத்தினார்; ஆங்கிலேயர் அணியின் பெரும்பகுதி தென்னிந்தியர்.

இப்பின்கூற்று விளக்கத்திற்குரியது. வெல்லெஸ்லியிடம் 19ஆம் இலகு டிராகூன் என்னும் குதிரைப்படையும், 74, 78ஆம் எண் ஹைலாண்டர் காலாட்படைகளும் ஐரோப்பியப் பிரிவுகளாக இருந்தன. மற்றவை மதராஸ் குதிரைப்படையின் 4, 5, 7ஆம் பிரிவுகளும், மதராஸ் காலாட்படையின் ஐந்து பட்டாலியன்களும், மதராஸ் பயனியர்களும் ஆகும். தமிழர், தெலுங்கர், தக்காண முஸ்லிம்கள் எனப் பல பிரிவினர் அவற்றில் பணியாற்றினர். ஆங்கிலேயர் தரப்பில் 428 பேர் இறந்தனர், 1138 பேர் காயமுற்றனர், 18 பேர் காணாமற்போயினர் எனப் பதிவுகள் கூறுகின்றன. மராத்தியரின் 98 பீரங்கிகள் கைப்பற்றப்பட்டன. வெல்லெஸ்லி பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். ஆயினும் தம் போர்த்திறனுக்குச் சான்றாக அவர் அசாயேயையே சுட்டினார் என்பர்.

அப்போது தலைமை ஆளுநராக இருந்தவர் அவருடைய தமையன் வெல்லெஸ்லி பிரபு. தம்பியின் வெற்றியைப் பாராட்டிப் போரில் ஈடுபட்ட பிரிவுகளுக்குச் சிறப்புக்கொடிகள் வழங்க அவர் ஆணையிட்டார். அக்கொடிகளுக்கும் பின்னர் இலச்சினைகளுக்கும் உரிய உருவமாக அமைந்ததே யானையும், அதனோடு சேர்ந்த அசாயே என்னும் சொல்லும்.

யானை ஏன்? போரின் முடிவைத் தீர்மானித்தவை பீரங்கிகளும் துப்பாக்கிமுனைக் கத்திகளும். யானைப்படையை எதிர்கொண்டு வீழ்த்திய நிகழ்ச்சி எதுவும் இவ்வெற்றியின் மையமன்று. ஆகவே இச்சின்னம் போரின் காட்சியை வரைந்ததன்று. அக்கால ஆங்கிலேயர் பார்வையில் யானை என்பது இந்தியாவைக் குறிக்கும் சுருக்கக் குறி. ஹைலாண்டர் வீரனின் தொப்பியில் அது ஏறியபோது, அவன் தொலைநாட்டில் போரிட்டு வென்றவன் என்பதைச் சொல்லிற்று. 1881இல் 74ஆம் படை இணைக்கப்பட்டு உருவான ஹைலாண்ட் இலகு காலாட்படையின் தொப்பிச் சின்னத்திலும் யானை தொடர்ந்தது.

இதே உருவம் மதராஸ் சிப்பாயின் கொடியில் ஏறியபோது பொருள் சிக்கலாகிறது. அவனுக்கு யானை தொலைநாட்டு விலங்கன்று. கோயில் வாயிலில் நிற்பது. இந்தியாவின் குறியை இந்தியனுக்கே வெற்றிப்பரிசாகக் கொடுத்ததில் ஒரு முரண் இருந்தது. அம்முரணைக் கொடுத்தவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

வென்றவர் இல்லாத படம்

அதே காலத்து மற்றொரு படைச்சின்னத்தோடு இதனை ஒப்பிடுவது தேவையாகிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டண முற்றுகையின் நினைவாகக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. அதன் ஒரு முகத்தில் பிரித்தானியச் சிங்கம், மைசூர்ப் புலியைக் கீழே தள்ளி அதன்மேல் நிற்கிறது. புலி திப்புவின் சின்னம் என்பது அனைவரும் அறிந்தது. இப்பதக்கம் சோழர் முத்திரையின் இலக்கணத்தைப் பின்பற்றி, அதைக் காட்டிலும் கடுமையாகப் பேசுகிறது. சோழர் முத்திரையில் கயலும் வில்லும் முழுமையாக, சிதைவின்றி இருந்தன. இங்கோ தோற்றவரின் விலங்கு மல்லாந்து கிடக்கிறது.

இப்பதக்கத்திலிருந்து எழுத்துகள் அனைத்தையும் நீக்கினாலும் பொருள் மாறாது. சிங்கம் வென்றது, புலி தோற்றது என்பதை எந்தப் பார்வையாளரும் வேறுவிதமாகப் படிக்க இயலாது. விடுதலை பெற்ற இந்தியாவில் எந்தப் படைப்பிரிவும் இதைத் தன் இலச்சினையாக ஏற்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும்.

அசாயே யானையில் இவ்வமைப்பு இல்லை. யானை தனித்து நிற்கிறது. அதன்மேல் சிங்கம் ஏறவில்லை, அருகில் முடியில்லை, மராத்தியரின் காவிக்கொடி கிழிந்து கிடக்கவில்லை. வெற்றி என்னும் பொருள் முழுவதும் கீழே எழுதிய ஒரு சொல்லில் மட்டுமே தங்கியிருந்தது. உருவம் அப்பொருளைச் சுமக்கவில்லை, சொல்லே சுமந்தது. இக்கட்டுரையின் மையக்கருத்து இதுவே. பொருள் உருவத்தின் உள்ளமைப்பில் பதிந்துள்ள சின்னம், ஆட்சி மாறும்போது உடைக்கப்படும் அல்லது அருங்காட்சியகம் சேரும். பொருள் சொல்லில் மட்டும் தங்கிய சின்னம், சொல்லை உதிர்த்துவிட்டு வாழக்கூடும். வீசன்ஸ்டைக் யானையும் இவ்வகையினதே. ஹெல்ஃபந்த் என்னும் சொல்லும், அச்சொல்லைப் பெயராகக் கொண்ட குடியும் மறைந்த பின்னும் உருவம் தனித்து நிற்கிறது.

வேலூரில் அழிக்கப்பட்ட குறிகள்

அசாயே நிகழ்ந்து மூன்றாண்டுகள் கழியுமுன், மதராஸ் படைக்குள் குறிகள் பற்றிய வேறொரு போர் மூண்டது. புதிய ஆணைகளின்படி சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி இடக்கூடாது, காதணி அணியக்கூடாது, தாடியை மழிக்கவேண்டும் எனப்பட்டது. தோல்முடிச்சு சேர்ந்த புதிய தலைப்பாகையும் திணிக்கப்பட்டது. 1806 மே மாதத்தில் வேலூரில் அதை அணிய மறுத்தோர் தண்டிக்கப்பட்டனர். சூலை 10 விடியுமுன் கோட்டையில் புரட்சி வெடித்தது. திப்புவின் புலிவரிக் கொடி ஏற்றப்பட்டது.

இந்நிகழ்ச்சி தமிழ் வரலாற்றெழுத்தில் நன்கு பேசப்பட்டதே. சின்ன வரலாற்றின் நோக்கில் பேசப்படாத ஒரு கூறு உண்டு. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்து புரட்சியை அடக்கிய கில்லெஸ்பியின் குதிரைப்படை 19ஆம் இலகு டிராகூன். அசாயேயில் மதராஸ் படைவீரர்களோடு தோளொட்டி நின்று சிறப்புப் பெற்ற அதே பிரிவு. அன்று யானையின் சிறப்பைப் பெற்றவர்கள், இன்று புலிக்கொடியின் கீழ் நின்ற மதராஸ் சிப்பாய்களை வெட்டினர்.

கம்பெனி 1803இல் சிப்பாய்க்கு ஒரு குறியைக் கொடுத்தது. 1806இல் அவனுடைய உடம்பிலிருந்த குறிகளைப் பறித்தது. கொடுப்பதும் பறிப்பதும் ஒரே அதிகாரத்தின் இரு செயல்கள். கொடுத்த குறியைச் சிப்பாய் ஏந்தினான். பறித்த குறிக்காக உயிர் கொடுத்தான். எது தன்னுடையது என்பதில் அவனுக்குக் குழப்பம் இருக்கவில்லை எனலாம். யானை அவனுடையதாக மாறியது பின்னர் நிகழ்ந்தது. அம்மாற்றம் நேர்வழியில் நிகழவும் இல்லை.

வழி முறிந்த மரபு

படைப்பிரிவுகளின் சின்னங்கள் பொதுவாகப் பட்டாலியன் வழியே இறங்கிவரும். மகன் தந்தையின் பெயரைப் பெறுவதுபோல, பெயரும் எண்ணும் மாறினாலும் பழைய பட்டாலியனின் வழித்தோன்றல் அதன் சிறப்புகளைப் பெறும். இந்நெறிப்படி அசாயே யானை எங்கே சென்றது என்பதைப் பின்தொடர்ந்தால் எதிர்பாராத இடங்களுக்குச் செல்ல நேர்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், போர்க்குலங்கள் என்னும் கோட்பாடு படைச்சேர்ப்பில் ஆதிக்கம் பெற்றது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு உகந்தோரல்லர் எனக் கருதினார். பின்னர் அவர் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானபோது அக்கருத்து கொள்கையாயிற்று. மதராஸ் பட்டாலியன்கள் பல கலைக்கப்பட்டன. சிலவற்றில் தென்னிந்தியர் நீக்கப்பட்டு வடமேற்கு மக்கள் நிரப்பப்பட்டனர். எண்ணும் கொடியும் இருந்தன, ஆட்கள் மாறினர்.

அசாயே சிறப்பைப் பெற்ற மதராஸ் இரண்டாம் காலாட்படை 1903இல் 62ஆம் பஞ்சாபியர் படையாயிற்று. 1922இல் அது முதலாம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனாகி, 1947இல் பாகிஸ்தானுக்குச் சென்றது. மதராஸ் நான்காம் காலாட்படை 64ஆம் பயனியராகி, 1922இல் மதராஸ் பயனியர்களுள் சேர்ந்து, 1933இல் கலைக்கப்பட்டது. 1922இல் உருவான மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்டும் அப்பத்தாண்டிலேயே கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆள்தேவை நெருக்கியபோதுதான் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் மையம் முதலில் மதுக்கரையில் இருந்தது.

மீண்டும் எழுந்த ரெஜிமெண்ட், அசாயே பட்டாலியன்களின் தொடர்ச்சியான நேர்வழித் தோன்றல் அன்று. படைச்சட்ட நோக்கில் யானையின் உரிமை ஒருபகுதி எல்லை கடந்தது. ஒருபகுதி கலைப்பாணையோடு முடிந்தது. ஆயினும் கேடயத்தின்மேல் யானையும் குறுக்கிட்ட இரு வாள்களும் கொண்ட இலச்சினை மதராஸ் ரெஜிமெண்டுக்கு அமைந்தது. இவ்வுரிமை பட்டாலியன் வழி வந்ததன்று, மண்வழி வந்தது. அசாயேயில் இறந்தவர்கள் எந்த ஊர்களிலிருந்து சென்றனரோ அவ்வூர்களின் பிற்கால மக்கள், போருக்கு உகந்தோரல்லர் என ஒதுக்கப்பட்ட பின் மீண்டும் படையில் சேர்ந்தபோது, அந்த யானையை எடுத்துக்கொண்டனர். கொடுக்கப்பட்ட சின்னம் எடுத்துக்கொள்ளப்பட்ட சின்னமாக மாறியது இக்கட்டத்தில்தான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ராபர்ட்ஸின் தீர்ப்புக்கு எதிர்வாதமாக வைக்கத் தென்னிந்தியச் சிப்பாயிடம் இருந்த சான்றுகளுள் அசாயே ஒன்று. அது இந்தியருக்கு எதிரான போர் என்பதும், தம் வீரத்துக்கான சான்று அப்போரிலேயே கிடந்தது என்பதும் ஒருங்கே உண்மை.

ஜெகதளாவிலிருந்து வெலிங்டன்

ஊரின் கதை சற்றுச் சுருக்கமானது. குன்னூருக்கும் கேத்திக்கும் இடையிலுள்ள சரிவில், ஜெகதளா என்னும் படகர் ஊரை ஒட்டி, ஐரோப்பியப் படையினருக்கான பெரும் குடியிருப்பு 1850களில் கட்டப்பட்டது. தொடக்கத்தில் அது ஊரின் பெயராலேயே ஜக்கதளா பாரக்ஸ் எனப்பட்டது. 1852இல் வெலிங்டன் கோமகன் மறைந்தார். 1860இல் ஆளுநர் டிரெவெலியன் காலத்தில் அவ்விடம் வெலிங்டன் எனப் பெயர்மாற்றம் பெற்றது. அப்போது அங்கிருந்தோர் பிரித்தானியப் படையினர். மதராஸ் சிப்பாயின் யானைக்கு அங்கு இடமில்லை.

1947இல் பிரித்தானியப் படைகள் வெளியேறும் ஆண்டில், மதராஸ் ரெஜிமெண்ட் மையம் மதுக்கரைப் பகுதியிலிருந்து வெலிங்டனுக்கு மாறியது. வெல்லெஸ்லியின் யானை இவ்வாறு வெல்லெஸ்லியின் ஊருக்கு வந்தது. ஆனால் அவருடைய நாட்டினர் ஊரைக் காலிசெய்த பின்னரே வந்தது. குவெட்டாவிலிருந்து பிரிந்து வந்த பாதுகாப்புப் பணிகள் அலுவலர் கல்லூரியும் 1948இல் இங்கு நிறுவப்பட்டது. அதன் சின்னம் ஆந்தை. மேலைமரபில் அறிவின் அடையாளமான அப்பறவை தமிழ்வழக்கில் தீநிமித்தமாகக் கருதப்படுவது. சின்னங்களின் பொருள் வழக்காற்றைச் சார்ந்தது என்பதற்கு வெலிங்டனிலேயே கிடைக்கும் மற்றொரு காட்டு அது.

விடுதலைக்குப்பின் திருவிதாங்கூர், கொச்சி, மைசூர் அரசுகளின் படைகளும் மதராஸ் ரெஜிமெண்டில் இணைக்கப்பட்டன. இன்றைய 9, 16ஆம் பட்டாலியன்கள் திருவிதாங்கூரிலிருந்தும், 17ஆம் பட்டாலியன் கொச்சியிலிருந்தும், 18ஆம் பட்டாலியன் மைசூரிலிருந்தும் வந்தவை. திருவிதாங்கூரின் சங்கும் மைசூரின் கண்டபேருண்டமும் யானையின் கீழ் ஒதுங்கின. கேரள அரசுச் சின்னத்தில் சங்கின் இருபுறமும் யானைகள் நிற்கின்றன. கர்நாடக அரசுச் சின்னத்தில் யானைத்தலைச் சிங்கங்கள் உள்ளன. தமிழ்நாட்டின் சின்னத்தில் யானை இல்லை, 1949இல் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த கோபுரமே உள்ளது. அவர் வரைந்தது மதுரை மேலைக்கோபுரம் என்பதற்கு அவருடைய கூற்றே சான்று. மக்கள் வழக்கிலோ அது திருவில்லிபுத்தூர்க் கோபுரம். வரைந்தவரின் கருத்தைக் கடந்து பார்ப்பவர் பொருள்கொள்வது படைச்சின்னத்திற்கு மட்டும் உரியதன்று.

சொல் நீங்கிய பின்

1950 சனவரி 26 முதல் படைச்சின்னங்களில் பிரித்தானிய முடிக்கு மாற்றாக அசோகரின் சிங்கங்கள் இடம்பெற்றன. இதனினும் நுட்பமான சிக்கல் போர்ச்சிறப்புகளைப் பற்றியது. இந்திய அரசுகளை அடிமைப்படுத்திய போர்களில் பெறப்பட்ட சிறப்புகள் ஏற்கத்தகாதவை என இந்தியத் தரைப்படை வகுத்தது. அவற்றைக் கொடியில் பொறிப்பதும் விழாவெடுப்பதும் நின்றன. சீரங்கப்பட்டணமும் அசாயேயும் இவ்வரிசையில் அடங்கும். மராத்தியரும் மதராசியரும் ஒரே கொடியின்கீழ் நிற்கும் படையில், ஒருவர் மற்றவரை வென்ற நாளைக் கொண்டாட இயலாது என்பது எளிதில் விளங்கும் நியாயம்.

சிறப்பு விலக்கப்பட்டது, யானை விலக்கப்படவில்லை. அதை விலக்குமாறு கோருவதற்கு உருவத்தில் எதுவும் இல்லை. ரெஜிமெண்டைப் பற்றிய எழுத்துகளில் அது இன்றும் அசாயே யானை என்றே வழங்குகிறது என்பது உண்மை. ஆனால் பயிற்சிக்கு வரும் இளைஞன் அதைக் காணும்போது வலிமை, உறுதி, தென்னகம் என்னும் பொருள்களையே முதலில் கொள்கிறான். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்னும் போர்முழக்கத்தோடு சேர்த்தே அவன் அதை அறிகிறான். சங்கக்காசின் யானையோடும் பரணி இலக்கணத்தோடும் அவன் அறிந்தோ அறியாமலோ மீண்டும் தொடர்புபடுகிறான்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். பொருள் மாறிவிட்டது என்று கூறி, இந்தியர் இந்தியரைக் கொன்ற வரலாற்றை யானையின் நிழலில் மறைத்துவிடலாமா? மறைக்கலாகாது என்பதே ஆய்வாளரின் நிலைப்பாடாக இருக்கவேண்டும். அசாயே களத்தில் மடிந்த மராத்தியரின் எண்ணிக்கை ஆங்கிலேயர் தரப்பு இழப்பினும் மிகுதி. அவர்களுக்கு எதிரே நின்ற மதராஸ் சிப்பாய் கூலிக்கு நின்றவன். அவனுக்கும் அந்தப் போரில் சொந்தப் பகை எதுவும் இல்லை. யானையை வைத்திருப்பதும் இதைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. சோழர் முத்திரையைப் பெருமையோடு ஆராயும்போது கயலும் வில்லும் அதில் ஏன் உள்ளன என்று மாணவர்க்குச் சொல்லித்தருகிறோம். அதே நேர்மை இங்கும் பொருந்தும்.

ஊர்ப்பெயருக்கு யானைக்குக் கிடைத்த வாய்ப்பு கிடைக்கவில்லை. பெயர் என்பது முழுவதும் சொல். அதிலிருந்து உதிர்க்க வேறு சொல் இல்லை. பழைய வெலிங்டன் பாரக்ஸ், தரைப்படைத் தலைவராக இருந்த ஜெனரல் சீனாகேஷ் பெயரால் இன்று சீனாகேஷ் பாரக்ஸ் எனப்படுகிறது. கண்டோன்மெண்டும் இரயில் நிலையமும் வெலிங்டன் ஆகவே உள்ளன. ஜெகதளா தன் பெயரோடு ஒரு பேரூராட்சியாக, கேத்திப் பேரூராட்சியைப் போலவே, அதன் அருகில் இருந்துவருகிறது.